கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தவள்

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டலில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் நிலக்கீழ் அறையில் இருக்கின்றன. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு. வியாழன் பின்னேரம் நான்காம் மாடியில் தனியாக இருந்த அமெரிக்கப் பெண்ணுக்கு. பன்னிரண்டு மணிக்கு நான் சாவியைக் கொடுக்க வேண்டும், அவள் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த உறவு. ஆனால் அவள் எப்போதும் பதினொன்றரைக்கே கூடையோடு இறங்கி வந்துவிடுவாள். குளிர்காலத்தில் கட்டடத்திலேயே கதகதப்பான இடம் அந்த அறைதான். சுவரோரப் பலகை வாங்கில் உட்கார்ந்து, என் துணிகள் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றுவதைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எள்ளை விடச் சிறிய பற்சக்கரங்களை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வாரத்தில் நான்கு நாள், வியாழன் ஓய்வு. அவள், கடிகாரங்களோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தாள். அதைத் தெரிந்துகொண்ட அன்று இருவரும் சிரித்தோம்.

"நீங்கள் பாத்துவிட்ட சாமானைப் பற்றித்தான் நான் எழுதுறன்," என்றாள். "ஆனால் அதை ஒருதரும் வாசிக்கிறேல்லை."

எங்களுக்குள் பேச்சு பிரெஞ்சில்தான். அவளுடைய பிரெஞ்சு பிழையில்லாதது, ஆனால் மெதுவானது. ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பது போலிருக்கும். இன்று நினைத்துப் பார்க்கும்போது அவள் சொன்னதெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழாகவே என் காதில் கேட்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அவள் மினசோட்டாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். கணவனுக்கு இங்கே இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்து வந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் நான்காகி, நான்கு ஏழாகி, மணவாழ்க்கை முடிந்து, கணவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். அவள் திரும்பவில்லை. ஏன் என்று நான் ஒருநாள் கேட்டேன். உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவள் எழுந்து துணிகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள்.

"பெட்டியெல்லாம் கட்டினனான்," என்றாள். "போற அண்டைக்குக் காலமை யன்னலைத் திறந்து பாத்தன். ஏரி இருக்கேல்லை. மூடுபனி. அது கலையட்டும், ஏரியை ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு இருந்தன். மூண்டு கிழமை கலையேல்லை. பிறகு போற எண்ணம் போயிட்டுது."

இதை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் இந்த ஊரின் மூடுபனியை அறிந்தவர்களுக்கு அது முழுப்பொய் இல்லை என்று தெரியும். கார்த்திகை பிறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கூரை வந்து ஏரியின் மேல் இறங்கிவிடும். மஞ்சள் கல் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையும். மேலே ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும். வேலைக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் நடப்பவரின் கால்கள் தெரியும், தலை தெரியாது. அந்த நாட்களில் ஒருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே அவ்வளவு நிச்சயமில்லாத விஷயமாகிவிடும்.

பிரெஞ்சில் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாற ஒருவர் மற்றவரிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு அதற்கு மூன்று வருடம் எடுத்தது. அவள்தான் கேட்டாள், ஒரு மூடுபனிக்கால ஞாயிற்றுக்கிழமை. இருவரும் மலை ரயிலில் ஏறி, ஊருக்கு மேலே உள்ள குன்றுக்குப் போனோம். பாதி வழியில் பெட்டி பனியைக் கிழித்துக்கொண்டு வெயிலுக்குள் வந்தது. உள்ளே இருந்த குழந்தைகள் கைதட்டின. மேலே இறங்கிப் பார்த்தால் எங்கள் ஊர் இல்லை, ஏரி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் கடல். அதன் அக்கரையில் பனிமலைகள் வரிசையாக, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல நின்றன.

மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து தேர்மோஸில் கொண்டுபோன தேநீரைக் குடித்தோம். அப்போதுதான், "இனி நீ எண்டு கதைப்பமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதே மூச்சில் சொன்னாள்:

"நான் என்ரை அமெரிக்கன் பாஸ்போட்டைத் திருப்பிக் குடுக்கப் போறன்."

அவளுக்கு ஏற்கெனவே சுவிஸ் குடியுரிமை கிடைத்திருந்தது. இரண்டையும் வைத்திருக்கலாமே, பலர் வைத்திருக்கிறார்களே என்றேன். வங்கிக் கடிதங்கள், வருடா வருடம் இரண்டு நாடுகளுக்கும் நிரப்பும் படிவங்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அதுகள் மற்றாக்களுக்குச் சொல்லுற காரணம். எனக்கு இரண்டு கரையிலையும் கால் வைச்சு நிண்டு களைச்சுப் போச்சு. நித்திரையாலை எழும்பேக்கை ஒரு இடத்திலை எழும்ப வேணும்."

கீழே அந்த வெள்ளைக்குள் எங்கோ எங்கள் கட்டடம் இருந்தது. அதற்குள் என் அப்பா மத்தியானச் சமையல் செய்துகொண்டிருப்பார். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா காலமான பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்து, தற்காலிகமாகத் தங்க மட்டும் விடும் 'எஃப்' அனுமதியில் பல வருடம் இருந்தார். அந்த அனுமதியோடு நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. தன் தாயின் செத்தவீட்டுக்கு அவர் போகவில்லை. பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட விட்ட 'பி' அனுமதி, பிறகு நிரந்தரமாகத் தங்க விடும் 'சி', அதற்கும் பிறகு சிவப்பு நிற சுவிஸ் கடவுச்சீட்டு. அது கையில் கிடைத்த அன்று அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியில் அம்மாவின் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.

அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அப்பா குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆர், மேல்வீட்டுப் பிள்ளையோ?"

"ஓம்."

"அமெரிக்கன் பாஸ்போட்டையோ?"

"ஓமப்பா."

"அதை ஆராவது குடுப்பினமே? சனம் அதுக்குக் கடலுக்குள்ளை விழுந்து சாகுது. அந்தப் பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ? நீ வடிவாக் கேட்டனியோ?"

"அவ யோசிச்சுத்தான் முடிவெடுத்தவ."

"யோசிச்சா இப்பிடி முடிவு வராது," என்று சொல்லிவிட்டு, தொடாமல் கிடந்த தன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சில வாரங்கள் மாடிப்படியில் அவளைக் கண்டால் முன்புபோல "போன்ஷூர்" என்று வணக்கம் சொல்வதோடு நிற்காமல், நோயாளியை விசாரிப்பதுபோல, "சுகமா இருக்கிறியளோ, நல்லாச் சாப்பிடுறியளோ?" என்று தன் சமையலறை பிரெஞ்சில் கேட்கத் தொடங்கினார். அவள் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். அது அன்புதான்.

மினசோட்டாவில் இருந்த அவளுடைய அண்ணன் அவள் முடிவை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு அங்கே மிச்சமிருந்த சொந்தம் அவர் ஒருவர்தான். ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் பேசுவார்கள். அவள் விஷயத்தைச் சொன்ன ஞாயிறு, அவர் முதலில் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாராம். பிறகு, "அப்பா சண்டைக்குப் போய்க் காலிலை குண்டோடை வந்தவர். அவரின்ரை கல்லறைக்கு முன்னாலை நிண்டு இதைச் சொல்லு பாப்பம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவள் எடுத்தாலும் மணி அடித்து அடித்து நின்றது.

வியாழக்கிழமை சலவை அறையில் அவள் இதைச் சொன்னபோது என் வேலை முடிந்திருந்தது. ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அவள் துணிகளை இருவருமாக மடித்தோம். படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவளும் இரண்டு முனைகளை நானும் பிடித்து, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து. அவள் கண்கள் கலங்கியிருந்தன. நான் பார்க்காததுபோல விரிப்பின் கரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அமெரிக்கத் தூதரகத்தில் நாள் கிடைக்க மாதங்கள் ஆயின. கிடைத்தது ஆடி மாதத்தில் ஒரு வெயில் நாள். "தனியப் போக விருப்பமில்லை," என்றாள். நான் வேலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு தலைநகர் பேர்ணுக்குப் போனேன். ரயிலில் இருவரும் அதிகம் பேசவில்லை. நொஷாட்டலை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், அறிவிப்புகள் பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்கு மாறும். எந்த இடத்தில் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஒவ்வொரு முறையும் தவறவிட்டுவிடுவேன். அன்றும் அப்படித்தான். அவள் நீல நிறக் கவுண் அணிந்து, தலையை வாரிக் கட்டி, கலியாணத்துக்குப் போகிறவள்போல இருந்தாள். மடியில் ஒரு கடித உறை. அதற்குள் கடவுச்சீட்டு.

என்னை உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் லிண்டன் மரத்தடியில் ஒரு வாங்கு இருந்தது, அதில் உட்கார்ந்தேன். மரம் பூத்திருந்தது. தேனீக்களின் சத்தத்தில் அந்தத் தெருவே மெல்ல ரீங்கரித்தது. வெயிலும் மணமும் சேர்ந்து எனக்குக் கண்ணைச் சொருகியது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கண்ணைத் திறந்தபோது அவள் என் முன்னால் நின்றாள். கையில் உறை இல்லை.

"முடிஞ்சுதோ?" என்றேன்.

"முடிஞ்சுது. நல்ல மனிசன். இரண்டு தரம் கேட்டவர், யோசிச்சனீங்களோ, ஆரும் வற்புறுத்தினவையோ எண்டு. வலக்கையை உயத்தி ஒரு உறுதிமொழி வாசிக்க வேணும். சத்தமா வாசிச்சன். பள்ளிக்கூடத்திலை ஒவ்வொரு நாளும் காலமை கொடிக்கு முன்னாலை நிண்டு சொன்ன அதே குரல்தான் வந்தது. அதுதான் எனக்குப் பெரிய அதிசயமா இருந்தது."

"பிறகு?"

"பாஸ்போட்டை வாங்க முன்னம், ஒருக்காப் பாக்கப் போறியளோ எண்டு கேட்டவர். ஓம் எண்டன். ஒவ்வொரு பக்கமாத் தட்டிப் பாத்தன். அவர் அவசரப்படுத்தேல்லை. யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு இருந்தவர்."

வந்த வழியே ரயிலுக்குப் போகாமல் ஆற்றங்கரைக்குப் போகலாம் என்றாள். பேர்ண் நகரத்தைச் சுற்றி ஓடும் ஆரே ஆறு பனிமலையில் உருகி வருவது. பாலில் பச்சை கலந்தாற்போல ஒரு நிறம். கோடையில் அந்த ஊர்க்காரர்கள் கரையோரமாக மேலே நடந்து போய், தண்ணீரில் இறங்கி, ஆற்றோடு மிதந்து வந்து கீழே ஏறுவார்கள். அலுவலகம் விட்டு வந்தவர்கள் உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, பையைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார்கள். தலைகள், தலைகள், எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு. நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவர்களைப் பார்க்கப் பார்க்கக் கரைதான் நகர்வதுபோலத் தெரிந்தது.

அவள் திடீரென்று கவுணைக் கழற்றினாள். உள்ளே நீச்சலுடை.

"இதுக்குள்ளையே தூதரகத்துக்குப் போனனியோ?"

"ஓம். பதினெட்டு வருசமா ஒருக்கா இறங்க வேணுமெண்டு நினைச்சனான். இண்டைக்கு விட்டா இல்லை." சப்பாத்தையும் கவுணையும் கைப்பையையும் என் கையில் திணித்தாள். "நீ கரையாலை வா. கீழை சந்திப்பம்."

எனக்கு நீந்தத் தெரியாது. "கவனம்!" என்று கத்துவதற்குள் அவள் படியிறங்கிப் போய்விட்டாள். குளிரில் ஒரு சின்னக் கூச்சல். பிறகு ஆறு அவளை எடுத்துக்கொண்டது. நான் கரையோரப் பாதையில் நடந்தேன். ஆறு நடையை விட வேகமாகப் போனது, ஓடத் தொடங்கினேன். ஒரு கையில் அவள் சப்பாத்து, மறுகையில் நீலக் கவுண், தோளில் இரண்டு கைப்பை. மரங்களுக்கிடையில் அவள் தலை தெரியும், மறையும், தெரியும். மல்லாந்து, கண்ணை மூடி, கைகளை விரித்துக்கொண்டு போனாள். முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்தன. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காதுகள் தண்ணீருக்குள் இருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே ஏறுவதற்குக் கரையில் சிவப்புக் கைப்பிடிக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள். முதல் கம்பியை அவள் கவனிக்காமலே கடந்தாள். இரண்டாவதைப் பிடிக்கக் கை நீட்டினாள், விரல் தொட்டது, நழுவியது. நான் இன்னும் வேகமாக ஓடினேன். மூன்றாவது கம்பியருகில் படியில் நின்ற ஒரு கிழவர் சாவகாசமாகக் கையை நீட்டி, சந்தையில் ஒரு பையை வாங்குவதுபோல அவளைப் பிடித்து மேலே எடுத்தார். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அவள் படியில் உட்கார்ந்து, உதடு நீலம் பாரித்து, குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அழுதுகொண்டிருந்தாள். துடைக்கத் துணி ஒன்றும் கொண்டுவரவில்லை. என் பருத்திச் சால்வையைக் கழற்றி அவள் தலையைத் துடைத்தேன். அந்தக் கிழவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை அப்பா அவளைச் சாப்பிடக் கூப்பிட்டுவரச் சொல்லியிருந்தார். காலையில் நாங்கள் புறப்படும்போதே சொல்லிவிட்டார்: "எல்லாம் முடிஞ்சு வாற பிள்ளை வெறும் வீட்டுக்குப் போகக் கூடாது." ஏரி மீனைத் தூள் போட்டுக் குழம்பு வைத்து, புட்டு அவித்திருந்தார். அவள் ஈரத்தலையோடு வந்து மேசையில் உட்கார்ந்தாள். அப்பா அவளுக்கு முள் எடுத்து மீனை வைத்தார். பிறகு அப்பா கேட்டார், பிரெஞ்சும் தமிழுமாக; நான் இடையில் மொழிபெயர்த்தேன்.

"அங்கை என்ன கேட்டவை?"

அவள் என்னிடம் சொன்னதையே சொன்னாள். இரண்டு தரம் கேட்டது, கையை உயர்த்தியது, பக்கங்களைப் பார்க்க விட்டது. அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களை ஒரு மனிசன் முன்னாலை இருந்து கேட்டிருக்கிறார்," என்றார் கடைசியில். "என்னை ஒருதரும் கேக்கேல்லை."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் கையைக் கழுவி வந்து உட்கார்ந்து சொன்னார். விமானம் இறங்குவதற்கு முன் கடவுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியிருந்தானாம். இருந்தால் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அப்பா விமானக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

"தாளெல்லாம் கிழிஞ்சு போச்சு. மட்டை கிழியேல்லை. தண்ணியிலை போட்டா மிதக்குது. வெளியிலை ஆரோ கதவைத் தட்டினவை. என்ன செய்யிறதெண்டு தெரியாம, கை துடைக்கிற தாளுக்குள்ளை சுத்திக் குப்பைக்குள்ளை தாட்டிட்டு வந்தன். கண்ணாடியிலை என்ரை முகத்தைப் பாத்தன். அந்த முகத்துக்கு அப்ப ஒரு பேரும் இல்லை."

நாற்பது வயது கடந்த எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா என்பதும் தெரியாது. மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நான் பாதியில் நின்றுவிட்டேன். அவள் என் கையைத் தொட்டு, "சொல்லு," என்றாள். சொன்னேன்.

"உங்களுக்கு இப்பவும் கவலையோ?" என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா, கிழித்துப் போட்ட அந்தக் கடவுச்சீட்டின் இலக்கத்தைச் சொன்னார். எழுத்திலிருந்து கடைசி எண் வரை, தமிழில், ஒவ்வொன்றாக. இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாடமாக வைத்திருந்தார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவள் கரண்டியை வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, கடைசி எண் வரை கேட்டாள். யன்னலுக்கு வெளியே ஏரி ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. அக்கரைக் கிராமங்களில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது.

அதன்பிறகு அப்பா அவளைச் சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டார்.

குடியுரிமை நீங்கியதற்கான பத்திரம் பதிவுத் தபாலில் வந்தது மார்கழியில். அவள் அதை ஓர் அகராதிக்குள் வைத்தாள். அடுத்த வசந்தத்தில் இன்னொரு தபால் வந்தது: அண்ணன் மகளின் கலியாண அழைப்பிதழ். உள்ளே அச்சடித்த வரிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் உறையில் முகவரியை அண்ணன் தன் கையாலேயே எழுதியிருந்தார். இரண்டு பேருக்கான அழைப்பு. அவள் அந்த உறையை நாலைந்து நாள் கைப்பையில் வைத்துத் திரிந்துவிட்டு ஒரு வியாழக்கிழமை என்னிடம் நீட்டினாள்.

"நீ வாறியோ?"

இப்படித்தான் நான் முதன்முதலாக அமெரிக்கா போனேன்.

விமான நிலையத்தில் நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. அவள் கால்கள் பழக்கத்தில் முதல் வரிசைப் பக்கம் நாலடி நடந்தன. பிறகு நின்றாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்கு அந்த நாலடி தெரியும். வளர்ந்த பிறகு முதல் தடவையாகச் சிவப்புக் கடவுச்சீட்டோடு கொழும்பில் இறங்கியபோது, வெளிநாட்டவர் வரிசையில் நின்று, பக்கத்து வரிசையில் என்னைப்போலவே முகமுள்ளவர்கள் வேகமாக நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அதை அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை மெல்ல மெல்ல ஊர்ந்தது.

அதிகாரி இளைஞன். கடவுச்சீட்டைத் திறந்து, பிறந்த இடத்தைப் பார்த்து, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மினசோட்டாவிலையோ பிறந்தனீங்கள்?"

"ஓம்."

"எத்தினை நாள் நிப்பீங்கள்?"

எளிய கேள்வி. விமானத்தில் நிரப்ப வேண்டியதையெல்லாம் நிரப்பி, எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிப் பார்த்து வந்தவள்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் காத்திருந்தான். பின்னால் நின்றவர்கள் அசைந்தார்கள். அடுத்து நின்ற நான், கோட்டைத் தாண்டக் கூடாது என்று தெரிந்தும் ஓரடி முன்னால் வைத்து, என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், "பன்னிரண்டு நாள். அவவின்ரை அண்ணன்ரை மகளுக்குக் கலியாணம்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முத்திரை குத்தினான். "சந்தோசமாக் கொண்டாடுங்கோ," என்றான்.

வெளியே அண்ணன் நின்றார். பெரிய உருவம், நரைத்த தாடி. பேச்சுக் கொடுக்காமல் எங்கள் பெட்டிகளை வாங்கி வாகனத்தில் ஏற்றினார். இரண்டு மணித்தியாலப் பயணத்தில் பாதையையும் மழையையும் சோள வயல்களையும் பற்றித்தான் பேசினார், அதுவும் என்னிடம். கலியாண நாளிலும் அப்படித்தான். அவளைப் படத்துக்கு நிற்கக் கூப்பிட்டார், சாப்பாடு எடுத்துக் கொடுத்தார். ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. மாலையில் தனக்குக் கொடுத்த அறையில் யன்னலோரம் உட்கார்ந்து, "நான் எங்கை வந்திருக்கிறன்?" என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள். அவள் சின்ன வயதில் படுத்த அறை அது.

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் காலை, நேர வித்தியாசத்தில் நித்திரை வராமல் நாங்கள் இருவரும் விடிவதற்கு முன்பே எழுந்து ஏரிக்கரையில் மரப்பலகை மேடையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ பறவை, யாரோ ஒருவர் சிரிப்பதும் அழுவதும் கலந்தாற்போலக் கூவியது. அண்ணன் கோப்பிக் குவளைகளோடு வந்தார். மூன்று குவளை. தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகை அவர் பாரத்தில் முனகியது.

பாதிக் கோப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"உன்ரை இங்கிலீசு மாறிப் போச்சு, தெரியுமோ? நேற்றுச் சாப்பாட்டு மேசையிலை உன்னைக் கேட்டுக்கொண்டு இருந்தன். வேறை நாட்டு ஆள் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய்."

"தெரியும்," என்றாள். "அங்கையும் அப்பிடித்தான் சொல்லுகினம்."

அவர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். கோப்பி சிந்தியது. சிரிப்பு நின்றபின் அவர் தன் குவளையைப் பார்த்தபடி சொன்னார்: "ஞாயித்துக்கிழமையளிலை மணி அடிக்கேக்கை பக்கத்திலைதான் இருப்பன். எடுத்தா என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"எனக்கும் தெரியாது," என்றாள் அவள். "ஆனா எடு."

அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து, கட்டியிருந்த சிறு படகின் கயிற்றை அவிழ்த்து, எங்கள் இருவரையும் ஏறச் சொன்னார். எனக்கு நீந்தத் தெரியாது என்று சொன்னதும் ஓர் உயிர்காப்புச் சட்டையைக் கொண்டுவந்து, கழுத்தைச் சுற்றிய பட்டியைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டார். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நடு ஏரிக்கு வந்ததும் துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டார். ஆவிக்குள் கரை மறைந்துபோயிருந்தது. படகு தன்பாட்டில் மெல்லத் திரும்பியது. அண்ணனும் தங்கையும் தங்கள் ஊர்ப் பேச்சில் ஏதோ பழைய மீன் கதை பேசத் தொடங்கினார்கள். எனக்கு அது பாதிதான் விளங்கியது. நான் விரல்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.